பெண் கொடுக்காத மாமன்

முப்பத்தைந்து வயதில் ஓய்வுபெற்றுவிட்டேன் என்று சொன்னால் அப்பா சிரிக்கிறார். அவர் மெல்பேர்ண் புறநகரான டண்டினொங்கில் மரக்கறி பொதி செய்கிற தொழிற்சாலைக்கு இன்னும் விடிய முன்னமே கிளம்பிப் போகிறவர். "நானே இன்னும் நிக்கேல்லை, நீ நிண்டிட்டாய்" என்பார். எனக்கு வேறு சொல் கிடைக்கவில்லை. ஒன்பது வருடம் நான் செய்த வேலை இனி இந்த ஊரில் இல்லை. மெல்பேர்ணில் ஒரு பல்கலைக்கழகத்தில் மத்தியகால ஸ்லாவிய அரச குலங்களைப் பற்றிய பாடம் ஒன்று இருந்தது. அதற்கு நான் டியூட்டர். விரிவுரை பேராசிரியருடையது. சின்ன வகுப்பு எடுப்பதும் கட்டுரை திருத்துவதும் என்னுடையது. இந்த வருடத்தோடு பாடத்தை எடுத்துவிட்டார்கள். நான் இப்போது நகரசபையில் ஒரு மேசையில் இருக்கிறேன். வேலை பிழையில்லை.

கடைசி நாள் தேநீர் தந்தார்கள். வேறு பாடங்களில் புதிதாகச் சேர்ந்திருந்த இரண்டு தமிழ் டியூட்டர்மார் அங்கே வந்தார்கள். ஒருவன் சிட்னி குவேக்கர்ஸ் ஹில் பிள்ளை, படிக்க இங்கே வந்தவன். அடுத்த வருடம் முதல் வீட்டில் எழுதுகிற கட்டுரையே கிடையாதாம். எல்லாம் நேரில் இருத்திக் கேள்வி கேட்பதுதானாம். கட்டுரைகளை எந்திரம் எழுதித் தருகிற காலம் வந்துவிட்டது அல்லவா. "அண்ணா, நேரில கேக்கேக்க ஆள் சொல்லுறது தன்ர சொந்தமா இல்லையா எண்டு எப்பிடித் தெரியும்? உங்களுக்கு அப்பிடி ஒரு கேஸ் வந்ததாமே, எழுதித் தாங்கோ" என்றான். அதனால்தான் இது.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தை ஒழுங்காக முடித்த முதல் ஆள் நான். முதலில் சேர்ந்தது கணக்கியலுக்கு. ஒரு நாள் விரிவுரைக்கு வெள்ளென வந்துவிட்டேன். முந்திய வகுப்பில் எழுதியதை வெண்பலகையில் அழிக்காமல் விட்டிருந்தார்கள். பெயர்கள், பெயர்களுக்கு இடையில் கோடுகள், கோடு கடக்கும் இடங்களில் எல்லைகள். பார்த்தவுடன் விளங்கிவிட்டது. யாரோ சம்பந்தம் பேசியிருக்கிறார்கள். ஆருக்கு ஆர் பெண் கொடுத்தது, எந்த வீட்டில் கொடுத்தும் சரிவரவில்லை என்பதெல்லாம் படமாக அங்கே கிடந்தது. அடுத்த அரையாண்டுத் தவணை அந்தப் பாடத்தை எடுத்தேன். பிறகு கணக்கியலை விட்டேன். இலத்தீனைத் தட்டுத்தடுமாறி வாசிக்கப் பழகினேன். அப்பா ஒரே ஒரு முறைதான் கேட்டார்: "ஸ்லாவ் எண்டா ஆர்?" சொன்னேன். "அவங்கட சண்டையை நீ ஏன் படிக்கிறாய்? எங்கட சண்டை காணாதோ?"

பேராசிரியர் ஹனாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். செக் நாட்டு மொராவியாவில் பிறந்து சிறு வயதில் இங்கே வந்தவர். எப்போதும் பென்சில்தான். பேனையால் திருத்தினால் திருத்தியவன் தன்னைச் சரியென்று நினைக்கத் தொடங்கிவிடுவான் என்பார். கட்டுரை ஓரத்தில் அவர் வசனம் எழுதுவதில்லை, கேள்வி மட்டும். 'யார் சொன்னது?' 'எப்போது எழுதினார்?' 'யாருடைய மேசையில் சாப்பிட்டவர்?' அந்த மூன்றாவது கேள்விதான் அவருக்கு முக்கியம். பத்தாம் நூற்றாண்டைப் பற்றி எழுதியவர்கள் எல்லாரும் ஏதோ ஒரு ஆயரிடமோ அரசனிடமோ சாப்பிட்டுக்கொண்டே எழுதினார்கள். சாப்பாடு போட்டவனின் எதிரியைப் பற்றி எழுதுவதைக் கவனமாக வாசிக்க வேண்டும்.

'போலந்து முடிவெடுத்தது' என்று யாராவது எழுதினால் அந்தச் சொல்லைச் சுற்றி ஒரு வட்டம் போடுவார். அப்போது நாடு ஏது, ஒரு குடும்பம் முடிவெடுத்தது, அந்தக் குடும்பத்தின் பெயரை எழுது என்பார். திருத்துகிற ஒழுங்கும் கண்டிப்பானது. நான் திருத்தி முடித்த கட்டில் இருந்து ஆகக் கூடிய புள்ளி பெற்றவை, ஆகக் குறைந்தவை, நடுவில் இருந்து சில என்று எடுத்துக்கொள்வார். அவற்றைக் கலைத்துப்போட்டு, நான் போட்ட புள்ளியை மூடிவைத்துவிட்டுத் தானே திரும்பத் திருத்துவார். பிறகு இருவரும் அவருடைய அறையில் இருந்து ஒப்பிடுவோம். தோடம்பழம் ஒன்றை உரித்துச் சுளைகளைத் தாளில் பரப்பி வைத்திருப்பார். தனக்குச் சந்தேகம் இருக்கும் கட்டுரைக்கு வந்தால் உரிப்பதை நிறுத்துவார். அதுதான் அறிகுறி.

வகுப்பில் கியெவ் பற்றிய கிழமை ஒன்று வரும். பொலெஸ்லாவ் என்ற போலந்து மன்னன் ஒருவன் கியெவ் வரை படையோடு போய், திரும்பும்போது நிறையப் பேரைச் சிறைபிடித்துக்கொண்டு வந்தான். இருபது வருடத்துக்குப் பிறகு அவனுடைய பேரன் கஸிமியெஷ் கியெவ் அரசனின் சகோதரியைக் கட்டினான். கஸிமியெஷின் சகோதரி கியெவ் அரசனின் மகனுக்குப் போனாள். இரண்டு வீட்டுக்கும் இடையில் மாற்றுச் சம்பந்தம். பெண்ணுக்கான பரிசாகக் கஸிமியெஷ் அந்தப் பழைய கைதிகளில் எண்ணூறு பேரைத் திருப்பி அனுப்பினான் என்று கியெவ்வில் எழுதி வைத்திருக்கிறார்கள். வீட்டில் சாப்பிடும்போது இதைச் சொன்னேன். அம்மாவுக்கு மாற்றுச் சம்பந்தம் பிடித்திருந்தது. அப்பா பருப்பைப் பிசைந்துகொண்டு, "இருவது வருசத்துக்குப் பிறகோ? அதுக்குள்ள அவங்கள் அங்கயே கலியாணம் கட்டிப் பிள்ளைகுட்டியும் பெத்திருப்பாங்களே. அனுப்பினவர் தன்ர கலியாணத்துக்கு அனுப்பியிருக்கிறார்" என்றார். அடுத்த கிழமை இதை வகுப்பில் கேள்வியாகப் போட்டேன். அன்றுபோல ஒரு வகுப்பு அதற்குமுன் எனக்கு அமைந்ததில்லை. ஹனா அதைப் பரீட்சைத் தாளிலும் சேர்த்தார்.

இப்போது அந்த கேஸுக்கு வருகிறேன்.

கட்டுரைத் தலைப்பு எளிமையானது. செக் நாட்டுப் பிராகாவில் ஒரு அரச குலம், வடக்கே, இன்றைய போலந்தில், க்னியெஸ்னோப் பக்கம் இன்னொரு குலம். பிராகாக்காரர் ஏற்கெனவே கிறிஸ்தவர்கள். பிராகாவின் அரசர் தன் மகள் தோப்ராவாவை வடக்கே இருந்த மியெஷ்கோவுக்குக் கட்டிக்கொடுத்தார். அடுத்த வருடம் மியெஷ்கோ ஞானஸ்நானம் பெற்றார். மாமனாரின் குதிரைப்படை மருமகனின் போருக்கு வந்தது. எல்லாம் நன்றாக இருந்தது. தோப்ராவாவுக்கு ஒரு மகன் பிறந்தான். அவனுக்குத் தாயின் தகப்பனுடைய பெயரை வைத்தார்கள், பொலெஸ்லாவ். தோப்ராவாவின் சகோதரன் பெயரும் பொலெஸ்லாவ். அந்தச் சகோதரனின் மகன் பெயரும் பொலெஸ்லாவ். மாணவர்கள் தலையைப் பிடித்துக்கொள்வார்கள். நான் பெயரை விட்டுவிட்டு மாமன், மருமகன், மச்சான் என்று எனக்குள் வைத்துக்கொள்வேன். ஒரு குழப்பமும் வராது.

தோப்ராவா இறந்து சில காலத்தில் இரண்டு குலமும் எதிரிகள் ஆகின. மியெஷ்கோ மனைவி வீட்டாரின் நிலத்தைப் பிடித்தார். பிறகு தோப்ராவாவின் மகன், தன் மாமன் மகனைத் தன் கோட்டைக்கு அழைத்து, அங்கே வைத்துக் கண்களைக் குருடாக்கிப் பிராகாவையே எடுத்துக்கொண்டான். பிராகா அவன் கையில் நெடுநாள் நிற்கவில்லை. இதுதான் கேள்வி: கலியாணத்தால் உண்டான உறவு ஒரு தலைமுறைக்குள் ஏன் முறிந்தது?

அந்தத் தவணை என் வகுப்பில் சுகன்யா என்று ஒரு பிள்ளை இருந்தாள். தேனிப் பக்கம். வணிகம் படிக்க வந்தவள். வெளிப் பாடம் ஒன்று கட்டாயம் எடுக்க வேண்டியிருந்ததால் எங்களிடம் வந்தாள். மற்றப் பிள்ளைகள் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள், இங்கே அதுதான் வழக்கம். அவளுக்கு வாய் வரவில்லை. "பேரச் சொல்லியா? நல்லாருக்காது சார்" என்று சாரிலேயே நின்றுவிட்டாள்.

அவளுடைய கட்டுரையில் நடுப் பந்தி இப்படிப் போனது: தோப்ராவா இறந்தபின் உறவைப் புதுப்பிக்க ஒரு வழி இருந்தது. தோப்ராவாவின் சகோதரன், அதாவது மாமன், தன் மகளை அவளுடைய மகனுக்கு, தன் மருமகனுக்கு, கொடுத்திருக்க வேண்டும். அவர் கொடுக்கவில்லை. மருமகன் வெளியே போய் ஒரு ஜெர்மானிய எல்லைப் பிரபுவின் மகளைக் கட்டினான். அந்த அவமதிப்பு மனதில் கிடந்தது. பிறகு நடந்த எல்லாம் அதன் விளைவு. கீழே பக்க எண்ணோடு ஒரு அடிக்குறிப்பு.

எனக்கு அதில் ஒன்றும் தட்டுப்படவில்லை. ஓரத்தில் 'தெளிவான வாதம்' என்று எழுதினேன். வகுப்பிலேயே கூடிய புள்ளி போட்டேன்.

ஒப்பிடுகிற நாள் வந்தது. அவளுடைய கட்டுரையில் ஹனா உரிப்பதை நிறுத்தினார். அந்தப் பந்தி ஓரத்தில் ஒரே கேள்வி மூன்று இடத்தில் இருந்தது: 'எங்கிருந்து?'

"இந்தப் பந்தியை வாசித்தீரா?"

"வாசித்தேன்."

"மாமனுக்கு மகள் இருந்தாளா?"

"இருந்திருப்பாள்."

"ரமணன், இருந்திருப்பாள் என்று நான் உமக்கு எப்போது படிப்பித்தேன்?"

அப்போதுதான் யோசித்தேன். அந்த மாமனின் ஆண்பிள்ளைகளைப் பற்றித்தான் எழுதி வைத்திருக்கிறார்கள். மகள் ஒருத்தி எங்கும் இல்லை. அடிக்குறிப்பில் இருந்த பக்கத்தை ஹனா எடுத்துக் காட்டினார். அங்கே தோப்ராவாவின் கலியாணம் மட்டும்தான் இருந்தது.

"சரி, மகள் இருந்தாள் என்றே வைத்துக்கொள்வோம்" என்றார். "சொந்த மாமன் மகளை அவன் எப்படிக் கட்டுவான்?"

இது எனக்கு அடி. ஏழு தலைமுறைக்குள் இரத்த உறவு இருந்தால் கலியாணம் கூடாது என்பது அக்காலத் திருச்சபைச் சட்டம். மீறியவர்கள் உண்டு, ஆனால் புதிதாக ஞானஸ்நானம் பெற்ற வீடு, ஆயர்களின் தயவில் நிற்கிற வீடு, அத்தனை கிட்டிய உறவில் அதை மீறாது. இந்தச் சட்டத்தை மூன்றாம் கிழமை வகுப்பில் நானே படிப்பிக்கிறேன். வருடா வருடம் படிப்பித்திருக்கிறேன். அப்படியிருந்தும் அந்தப் பந்தியை வாசித்தபோது என் கண்ணில் ஒன்றும் குத்தவில்லை.

அந்த வருடம் எந்திரக் கட்டுரைகள் வரத் தொடங்கியிருந்தன. அவற்றுக்கு ஒரு பழக்கம். நடக்காததை மிக அமைதியாகச் சொல்லிக் கீழே ஒரு பக்க எண்ணும் போடும். போய்ப் பார்த்தால் அந்தப் பக்கத்தில் அது இராது. அப்படி ஒன்றைக் கண்டால் விசாரணைக் குழுவுக்கு அறிவிக்க வேண்டும் என்று புது விதி. ஹனா விதியைக் கொஞ்சமும் நகர்த்தாதவர். அறிக்கை எழுதி வைத்திருந்தார்.

"இதை எந்திரம் எழுதவில்லை" என்றேன்.

"எப்படித் தெரியும்?"

"எனக்கும் பிழையாகப் படவில்லை, அதனால்தான். என் அம்மா, அப்பாவுக்கு மாமன் மகள்."

ஹனாவின் கையில் சுளை நின்றது. "உம்முடைய தாயும் தகப்பனுமா?"

"ஓம். எங்கள் ஊரில் அப்படிக் கட்டினால் யாரும் ஒன்றும் கேட்கமாட்டார்கள். கட்டாவிட்டால்தான் காரணம் சொல்ல வேண்டும். அந்தப் பிள்ளைக்கும் அப்படித்தான். எந்திரத்துக்கு மாமன் இல்லை."

அவர் சிரிக்கவில்லை. யோசித்தார். "இது உம்முடைய ஊகம். நல்ல ஊகம். ஆனால் அவள் என்ன நினைத்தாள் என்பதை அவளிடம்தான் கேட்க வேண்டும். அறிக்கையை நான் திரும்ப எடுக்கமாட்டேன். நீர் கண்டதை, காணாமல் விட்டதையும் சேர்த்து, எழுதிக் கொடும்."

எழுதிக் கொடுத்தேன். திருத்தினவனுக்கு அது அழகான கடிதமாக இருக்கவில்லை.

விசாரணையில் குற்றம் என்று முடிந்தால் பாடத்துக்குப் புள்ளி சுழி. அதோடு ஒரு தவணை படிப்பு நிறுத்தம். இங்கே பிறந்த பிள்ளைக்கு அது ஒரு தவணை. மாணவர் விசாவில் வந்தவளுக்குப் படிப்பு நின்றால் விசாவும் நிற்கும். சுகன்யா அதை என்னைவிட நன்றாக விளங்கி வைத்திருந்தாள். வகுப்புக்கு வெளியே நடையில் என்னைப் பிடித்தாள்.

"சார், ஊருக்கு அனுப்பிருவாங்களா?"

"இன்னும் ஒண்டும் முடிவாகேல்லை."

"எதுக்கு சார் மெஷின்னு சொல்றாங்க? பார்ட் டைம் வேலைக்கு லீவு போட்டு உக்காந்து எழுதுனேன். சூப்பர்வைசர்கிட்ட திட்டு வாங்கி எழுதுனேன்."

"மாமன் பொம்பிளை குடுக்கேல்லை எண்டு எழுதினீங்களே, அது எங்க இருந்து எடுத்தனீங்கள்?"

அவள் என்னை விசித்திரமாகப் பார்த்தாள். "அதுல எடுக்குறதுக்கு என்ன சார் இருக்கு? குடுக்கல. அதான சண்டை?"

நான் சாட்சி. அவளைத் தயார்படுத்தக் கூடாது, திருச்சபைச் சட்டத்தை நினைவூட்டக்கூடக் கூடாது. "கேக்கிறதுக்கு உள்ளதைச் சொல்லுங்கோ" என்று மட்டும் சொன்னேன்.

"உள்ளதச் சொன்னா வீட்டு மானம் போயிரும் சார்" என்றுவிட்டுப் போனாள். அது எனக்கு அப்போது விளங்கவில்லை.

விசாரணை அறையில் நீள மேசை, தண்ணீர்க் குவளைகள், கதிரைகள். தலைவர் ஒரு பெண்மணி, குரல் மென்மை. பக்கத்தில் சட்டத்துறையில் இருந்து ஒருவர். எதிரே சுகன்யா. ஒரு பக்கம் ஹனாவும் நானும். நான் என் கடிதத்தில் எழுதியதைச் சுருக்கிச் சொன்னேன். சட்டத்துறைக்காரர் ஒரு கேள்வி கேட்டார்: "நீங்கள் இருவரும் ஒரே மொழிக்காரர். அவளைக் காப்பாற்ற இப்படிச் சொல்கிறீர்கள் என்று ஒருவர் நினைக்கலாம் அல்லவா?" நினைக்கலாம் என்றேன். வேறு என்ன சொல்வது?

தலைவர் சுகன்யாவைப் பார்த்து, "இந்தக் கருத்து உங்களுக்கு எங்கே கிடைத்தது?" என்று கேட்டார்.

அவள் ஆங்கிலத்தில் நிறுத்தி நிறுத்திச் சொன்னாள். "எங்கள் வீட்டில்."

பிறகு சொன்னாள். அவளுக்கு ஒரு அண்ணன். அம்மாவின் தம்பிக்கு ஒரு மகள். சின்ன வயதில் இருந்தே அந்தப் பெண் அண்ணனுக்கு என்று இரு வீட்டிலும் சொல்லிச் சொல்லி வளர்த்தார்கள். மாமா பிறகு மகளைப் பெங்களூரில் வெளி ஆள் ஒருவருக்குக் கொடுத்துவிட்டார். அம்மா அந்தக் கலியாணத்துக்குப் போகவில்லை. வீடுகள் எதிரெதிரே, நடுவில் ஒரு தெரு. அம்மா தம்பியோடு பேச்சை நிறுத்தினாள். பிள்ளைகளும் மாமாவோடு பேசக் கூடாது என்று சொல்லிவிட்டாள். பால்காரர் எந்த வீட்டுக்கு முதலில் ஊற்றுகிறார் என்பதில்கூடச் சண்டை. கடைசியில் பால்காரர் அந்தத் தெருவுக்கு வருவதையே விட்டுவிட்டார்.

"பக்க எண்?" என்றார் தலைவர்.

"கலியாணம் அந்தப் பக்கத்தில் இருந்தது. மற்றது எல்லாருக்கும் தெரிந்தது என்று நினைத்தேன்."

சட்டத்துறைக்காரர் முன்னுக்குச் சாய்ந்தார். "உங்கள் அண்ணனுக்கு அந்தப் பெண்ணைக் கட்ட விருப்பமா?"

சுகன்யா கொஞ்சம் யோசித்தாள். "தெரியாது. அவன் அப்போது கபடிதான் விளையாடிக்கொண்டிருந்தான்."

அவர் சிரிப்பை அடக்கத் தண்ணீர் குடித்தார்.

தலைவர் ஹனாவிடம் ஏதாவது சொல்ல இருக்கிறதா என்று கேட்டார். ஹனா சுகன்யாவின் பக்கம் திரும்பினார்.

"நீர் சொன்னது ஆதாரம்தான். உம்முடைய வீட்டுக்கு. பிராகாவுக்கு அது ஆதாரம் ஆகாது. அது விளங்குகிறதா?"

"விளங்குகிறது."

"அப்போது ஒரு கேள்வி. திருச்சபை அந்தக் கலியாணத்தைத் தடுத்தது. மாமன் கொடுக்க விரும்பினாலும் கொடுக்க முடியாது. இப்போது உம்முடைய வாதம் என்ன ஆகிறது?"

நான் என் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். உதவக் கூடாத இடத்தில் முகத்தைக் காட்டுவதும் ஒரு உதவிதான் என்று பயம். சுகன்யா விரலால் மேசையில் கோடு போட்டாள். மேலே ஒரு பெயர், கீழே இரண்டு, அதற்குக் கீழே இரண்டு. வாய்க்குள் முணுமுணுத்தது தமிழில். பிறகு மெதுவாக ஆங்கிலத்தில் தொடங்கினாள்.

"அப்படியென்றால் அவர்களுக்குச் சொந்தம் ஒரே தடவைதான். அதே வீட்டில் திரும்பக் கட்ட முடியாது. ஒவ்வொரு தலைமுறையும் வெளியே போக வேண்டும். தோப்ராவா இருக்கும்வரை ஒரு ஆள் நடுவில் இருந்தாள். அவள் போனபின் அத்தை மகனுக்கும் மாமன் மகனுக்கும் இடையில் கொடுக்கிறதுக்கு ஒன்றும் இல்லை. உரிமை மட்டும் இரண்டு பேருக்கும் இருக்கிறது."

"எதற்கு உரிமை?"

"பிராகாவுக்கு. இரண்டு பேருக்கும் ஒரே தாத்தா. இவனுக்குப் பெயர்கூட அவருடையது."

ஹனா பென்சிலைக் கையில் எடுத்தார். சுகன்யா நிறுத்தவில்லை.

"எங்கள் வீட்டில் மாமா கொடுத்திருக்கலாம், கொடுக்கவில்லை. அதனால் கோபம். பேசாமல் இருக்கிறோம், அவ்வளவுதான். யாரும் யாருடைய வீட்டையும் பிடிக்கப் போகவில்லை. அங்கே கொடுக்கவே முடியாது. கோபித்துக்கொண்டு பேசாமல் இருக்கக்கூட அவர்களுக்கு ஒரு உறவு மிஞ்சவில்லை. அதனால்தான் கண்ணைக் குருடாக்கினார்கள் போல."

ஹனா மேசையில் இருந்த கட்டுரையை எடுத்தார். பென்சிலால் ஓரத்தில் ஏதோ எழுதினார். பிறகு தலைவரிடம், "இது இவருடைய தலைதான். எனக்கு வேறு கேள்வி இல்லை" என்றார்.

குற்றம் இல்லை என்று அன்றே சொல்லிவிட்டார்கள். கட்டுரையைத் திரும்ப எழுதித் தர வேண்டும், பழைய புள்ளி செல்லாது. என் திருத்தங்களை அந்தத் தவணை முழுவதும் ஹனா ஒன்றுவிடாமல் பார்க்க வேண்டும் என்றும் முடிவு. அது நியாயம்.

வெளியே வந்ததும் சுகன்யா சுவரில் சாய்ந்து நின்றாள். நன்றி சொல்லவில்லை. "நீங்க மொதல்லயே தப்புன்னு போட்டிருக்கலாம்ல சார். அந்த மார்க்க நான் அம்மாகிட்ட வேற சொல்லிட்டேன்" என்றாள். அதுவும் நியாயம்.

ஹனா என்னோடு ட்ராம் தரிப்பு வரை நடந்தார். வழக்கமாக நடக்கமாட்டார். "மூன்றாம் கிழமையை மாற்றும்" என்றார். "சட்டத்தை முதலில் சொல்ல வேண்டாம். முதலில் அவர்களைச் சம்பந்தம் பேச விடும். பேசி முடிந்தபிறகு சட்டத்தைக் கொடும்."

அப்படியே செய்தேன். அதற்குப்பிறகு ஒவ்வொரு வருடமும் மூன்றாம் கிழமை பெயர்களை மட்டும் கொடுப்பேன். அரை மணித்தியாலம் அவர்கள் கலியாணம் பேசுவார்கள். லெபனான் பிள்ளைகளில் சிலர் சித்தப்பா மகளைக் கட்டிவைப்பார்கள். எங்கள் பிள்ளைகள் மாமன் மகளை. இங்கத்தைய பிள்ளைகள் பெண்ணுக்கு விருப்பமா என்று கேட்டுக்கொண்டே நேரத்தை முடித்துவிடுவார்கள். பிறகு சட்டத்தைப் பலகையில் எழுதுவேன். ஒவ்வொருத்தரும் தன் வீட்டில் இருந்து எதைக் கேள்வி கேட்காமலே கொண்டுவந்தோம் என்று பார்ப்பார்கள். புதிதாக வந்திருக்கிற உங்களுக்கு நான் சொல்லக்கூடியதும் இவ்வளவுதான். நேரில் இருத்திக் கேட்கும்போது சரியான பதிலை மட்டும் பார்த்திருக்காதேயுங்கோ. சரியான பதிலை எவரும் எங்கும் எடுக்கலாம். பிழை எங்கே இருந்து வருகிறது என்று கேளுங்கோ, ஆள் அங்கேதான் இருக்கும்.

சுகன்யா திரும்ப எழுதிய கட்டுரையைக் கொண்டுவந்த நாளில் முகம் தெளிந்திருந்தது. தாளை மேசையில் வைத்துவிட்டு இருக்கச் சொல்லாமலே கதிரையை இழுத்து இருந்தாள்.

"சார், ஊர்ல ஒரு கூத்து. அம்மாகிட்ட விசாரணைன்னு சொல்ல முடியுமா? என் கட்டுரையப் பத்திப் பேசுறதுக்கு மீட்டிங் போட்டாங்கன்னு சொன்னேன். அம்மா அதத் தெருவுல சத்தமாச் சொல்லிருக்கு. எதுத்த வீட்டுக்குக் கேக்கணும்னே சொல்லிருக்கு. 'எம்பொண்ணு எழுதுனதப் பேச ஆஸ்திரேலியாவுல புரபசருங்க கூட்டம் போட்டாங்க'ன்னு."

"கேட்டுதாமோ எதிர் வீட்டுக்கு?"

"மாமா போன் பண்ணுனாரு சார். எனக்கு. நம்பர் யாருகிட்ட வாங்குனாரோ தெரியல. அஞ்சாறு வருசம் கழிச்சு மொதத் தடவ. எடுத்ததும், 'என்னம்மா எழுதுன?'ன்னாரு. எனக்குப் பொய் வரல. ஒரு ராஜா அக்கா மகனுக்குப் பொண்ணு குடுக்கலன்னு எழுதுனேன், அது தப்புன்னு சொல்லிட்டாங்க, மாத்தி எழுதுறேன்னு சொன்னேன்."

"என்ன சொன்னார்?"

"'அப்படியா'ன்னாரு. அப்புறம், 'அந்த மாமன் என்ன சொன்னானாம்?'ன்னாரு."

நான் அவளைப் பார்த்தேன். அவள் தாளின் ஓரத்தை மடித்துக்கொண்டிருந்தாள்.

"அவரு பக்கத்து நியாயத்த யாரும் எழுதி வைக்கல மாமான்னு சொன்னேன் சார். 'எழுதிருக்க மாட்டாங்க'ன்னு சொல்லிட்டு, போன வைக்காம அப்படியே இருந்தாரு. நானும் வைக்கல."